நல்ல ரீடிங்கையும் நம்பிவிடாதீர்கள்

(ஹைட்ராலிக் எண்ணெயின் மாசைக் காட்டும் மானிட்டர்களில் கோளாறு கண்டுபிடிப்பது குறித்து, பராமரிப்புப் பொறியாளர்களும் தொழில்நுட்பர்களும் கூடிய அவையில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ஹைட்ராலிக் லைனில் மாட்டியிருக்கும் கன்டாமினேஷன் மானிட்டர், எண்ணெய் அழுக்காகிவிட்டது என்று திடீரெனக் காட்டினால் என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். ஃபோர்மேன் வருவார், எலெக்ட்ரீஷியன் வருவார், ஸ்டோரிலிருந்து புது ஃபில்டர் வரும், சப்ளையருக்கு ஃபோன் போகும். அதே மானிட்டர் ஆறு மாதமாக அசையாமல் ‘சுத்தம், சுத்தம்’ என்று காட்டிக்கொண்டிருந்தால் யாராவது வருவார்களா? யாரும் எட்டிக்கூடப் பார்க்க மாட்டார்கள்.

இந்தக் கருவிகள் இல்லாத அழுக்கை இருப்பதாகச் சொல்வதும் உண்டு, இருக்கிற அழுக்கை இல்லையென்று சொல்வதும் உண்டு. முதல் பொய்யால் ஒரு ஃபில்டர் வீணாகும், அரை நாள் உற்பத்தி போகும். இரண்டாவது பொய்யால் பம்ப் போகும், சர்வோ வால்வு போகும். ஆனால் நாம் கோளாறு தேடிப் போவது முதல் பொய்யை மட்டும்தான். இன்று இரண்டையும் பேசுகிறேன். இரண்டாவதற்குக் கூடுதல் நேரம் எடுத்துக்கொள்வேன், பொறுத்தருள வேண்டும்.

இந்தக் கருவி ஏன் வேண்டியிருக்கிறது? நம் வெறுங்கண்ணுக்குச் சுமார் 40 மைக்ரானுக்குக் கீழே எதுவும் தெரியாது. சர்வோ வால்வின் ஸ்பூலுக்கும் அதன் உறைக்கும் நடுவே இருக்கும் இடைவெளியோ சில மைக்ரான்தான். அந்த இடைவெளியில் புகுந்து சிக்கி, ஸ்பூலை இறுக்கிப் பிடிக்கும் துகள்கள் அத்தனையும் கண்ணுக்குத் தெரியாதவை. பாட்டிலில் தங்கம்போல மின்னும் எண்ணெயைக் காட்டி ‘பார்த்தாலே தெரியுதே சார், சுத்தம்’ என்று சொல்பவர் தமக்குத் தெரியாத உலகத்தைப் பற்றிச் சான்றிதழ் கொடுக்கிறார்.

சரி, கருவி எப்படிப் பார்க்கிறது? இன்று ஆலைகளில் அதிகம் இருப்பவை ஒளி மறைப்பு முறையில் இயங்குபவை. மெல்லிய கண்ணாடிப் பாதை ஒன்றின் வழியே எண்ணெய் ஓடுகிறது. ஒரு பக்கம் லேசர், மறு பக்கம் ஒளி உணரி. ஒரு துகள் கடக்கும்போது ஒளி ஒரு கணம் குறைகிறது. எவ்வளவு குறைந்தது என்பதிலிருந்து துகளின் அளவு, எத்தனை முறை குறைந்தது என்பதிலிருந்து துகளின் எண்ணிக்கை. ஆக, கருவி எண்ணுவது நிழல்களை. நிழல் விழுத்தியது இரும்புத் துணுக்கா, மணலா, காற்றுக் குமிழியா, நீர்த்துளியா என்று அதற்குத் தெரியாது. இன்று நான் சொல்லப் போகிற கோளாறுகளில் பாதி இந்த ஒரே உண்மையிலிருந்து கிளைப்பவை.

திரையில் வரும் மூன்று எண்களையும் ஒருமுறை நினைவுபடுத்திக்கொள்வோம். ஐ.எஸ்.ஓ. 4406 முறையில் 18/16/13 என்று வந்தால், ஒரு மில்லிலிட்டர் எண்ணெயில் 4 மைக்ரானுக்கு மேற்பட்ட துகள்கள் 1,300-க்கு மேல் 2,500 வரை. 6 மைக்ரானுக்கு மேற்பட்டவை 320-க்கு மேல் 640 வரை. 14 மைக்ரானுக்கு மேற்பட்டவை 40-க்கு மேல் 80 வரை. குறியீடு ஒன்று ஏறினால் துகள்கள் ஏறத்தாழ இரண்டு மடங்கு. 18 என்பது 21 ஆனால் எட்டு மடங்கு. ‘மூணு பாயிண்ட்தானே ஏறியிருக்கு’ என்று யாராவது சொன்னால் இந்தக் கணக்கைச் சொல்லிக் காட்டுங்கள்.

இந்த மூன்றும் கூட்டுக் கணக்கு. 4 மைக்ரானுக்கு மேல் என்று எண்ணும்போது 6-க்கு மேற்பட்டவையும் 14-க்கு மேற்பட்டவையும் அதில் அடக்கம். எனவே இடமிருந்து வலமாக எண் இறங்கலாம், சமமாக நிற்கலாம், ஏற முடியாது. 17/18/14 என்று திரை காட்டினால் எண்ணெயைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். கருவியிலோ, தரவை வாங்கிக்கொள்ளும் பி.எல்.சி.யிலோ கோளாறு. ஒரு ஸ்பேனரைக்கூடத் தொடாமல் செய்யக்கூடிய முதல் சோதனை இது.

இன்னொன்று, படிக்கட்டுக் கோளாறு. மில்லிலிட்டருக்கு 1,290 துகள் இருந்தால் குறியீடு 17. 1,310 ஆனால் 18. எண்ணெயில் ஒன்றுமே மாறவில்லை, ஆனால் திரையில் ஒரு படி ஏறிவிட்டது, அலாரமும் அடித்துவிட்டது. இத்தகைய கருவிகளின் துல்லியத்தைத் தயாரிப்பாளர்களே பெரும்பாலும் அரைக் குறியீடு கூடக் குறைய என்றுதான் தருகிறார்கள். ஆகவே ஒரு படி ஏறியதற்காகப் பதறுவதற்கு முன் குறியீட்டுக்குப் பின்னால் இருக்கும் அசல் எண்ணிக்கையை எடுத்துப் பாருங்கள். பெரும்பாலான கருவிகள் அதைச் சேமித்து வைத்திருக்கும். மிகச் சுத்தமான எண்ணெயில் 14 மைக்ரான் வரிசையில் மொத்தமாக எண்ணப்பட்டதே பதினாறு துகளாக இருக்கலாம். அவ்வளவு சிறிய எண்ணிக்கையில் நான்கு கூடுவதும் குறைவதும் வெறும் தற்செயல். அதனால்தான் எண்ணப்பட்ட துகள்கள் 20-க்குக் கீழே இருந்தால் குறியீட்டுக்கு முன்னால் ‘அதற்குச் சமம் அல்லது மேல்’ என்ற அடையாளத்தைப் போடச் சொல்கிறது ஐ.எஸ்.ஓ. 4406 தரநிலை.

இப்போது முதல் வகைப் பொய்க்கு வருவோம். இல்லாத அழுக்கு.

முதல் குற்றவாளி காற்று. உறிஞ்சு குழாயில் தளர்ந்த கிளாம்ப், டேங்கில் எண்ணெய் மட்டம் குறைவு, ரிட்டர்ன் குழாயின் வாய் எண்ணெய்க்கு மேலே நின்று அருவிபோலக் கொட்டுவது, பம்ப் தண்டின் சீல் தேய்வு: இவற்றில் எதனாலும் குமிழி சேரும். காற்றுக்கு ஒரு கையெழுத்து உண்டு. உண்மையான அழுக்கில் சிறிய துகள் நிறைய, பெரிய துகள் கொஞ்சம். மூன்று எண்களுக்கு நடுவே நல்ல இடைவெளி இருக்கும். குமிழி வந்தால் மூன்றும் சேர்ந்து எகிறும், இடைவெளி சுருங்கும். 18/16/13 ஆக இருந்தது சில நிமிடங்களில் 22/21/20 ஆனால் அது பெரும்பாலும் காற்றுதான். உண்மையாகவே அத்தனை பெரிய துகள்கள் அவ்வளவு வேகமாக வந்திருந்தால் மெஷினிலேயே சத்தம் கேட்டிருக்கும்.

இதற்கு மருந்து, அழுத்தம். அழுத்தம் கூடினால் காற்று எண்ணெயில் கரையும், குமிழி சுருங்கி மறையும். எனவே சென்சாரை அழுத்தமுள்ள லைனில் மாட்ட வேண்டும். ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் வால்வு சென்சாருக்குப் பின்னால் இருக்க வேண்டும். பல இடங்களில் வால்வை முன்னால் வைத்துவிடுகிறார்கள். அப்போது எண்ணெய் வால்வைத் தாண்டியதும் அழுத்தம் விழுகிறது, கரைந்திருந்த காற்று அங்கேயே குமிழியாகப் பிரிகிறது, நேராகச் சென்சாருக்குள் போகிறது. எண்ணெயில் குற்றமில்லை, பம்பில் குற்றமில்லை. குழாய் போட்ட வரிசையில் குற்றம்.

இரண்டாவது, தண்ணீர். எண்ணெயில் ஓரளவு நீர் கரைந்து கண்ணுக்கும் கருவிக்கும் தெரியாமல் இருக்கும். கரையும் அளவு வெப்பநிலையைப் பொறுத்தது. சூடான எண்ணெயில் கரைந்திருந்த நீர், எண்ணெய் குளிர்ந்தால் நுண்ணிய துளிகளாகப் பிரியும். ஒவ்வொரு துளிக்கும் ஒரு நிழல். ஞாயிற்றுக்கிழமை முழுக்க நின்றிருந்த மெஷினைத் திங்கட்கிழமை காலையில் ஓட்டினால் ரீடிங் எகிறி, எண்ணெய் சூடாகச் சூடாகத் தானே இறங்கும். பலரும் ‘அது வார்ம்-அப் சார்’ என்று விட்டுவிடுவார்கள். விடக் கூடாது. சூடானால் துகள் காணாமல் போவதில்லை. தண்ணீர்தான் காணாமல் போகும். அந்தத் திங்கட்கிழமை ரீடிங் துகளைப் பற்றிச் சொன்னது தவறாக இருக்கலாம். ஆனால் டேங்கில் நீர் சேர்கிறது என்ற வேறொரு உண்மையைச் சொல்லிவிட்டது. ஓய்வு நாளில் அடியில் படிந்த கசடு மெஷின் ஓடியதும் கிளம்பி, ஃபில்டரில் பிடிபடும் வரை ரீடிங்கைத் தூக்குவதும் உண்டு; அது உண்மையான அழுக்கு. இரண்டையும் பிரிக்க வேண்டுமானால் ஈரப்பத சென்சாரின் வரைபடத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எண்ணூர், தூத்துக்குடி போன்ற கடலோரங்களில் வேலை செய்பவர்கள் டேங்க்கின் பிரீதரில் சிலிக்கா ஜெல் நிறம் மாறியிருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

காற்றா தண்ணீரா என்று தெரியாவிட்டால் ஒரு சுத்தமான கண்ணாடி பாட்டில் போதும். எண்ணெயைப் பிடித்து வெளிச்சத்தில் வையுங்கள். பால்போலக் கலங்கியது சில நிமிடங்களில் அடியிலிருந்து மேல்நோக்கித் தெளிந்தால் காற்று, குமிழிகள் மேலே ஏறுகின்றன. கலங்கல் அப்படியே நின்றால் தண்ணீரைச் சந்தேகிக்கலாம்.

மூன்றாவது, எண்ணெயோடு சேர்ந்தே வரும் சேர்க்கைப்பொருள். நுரை எழும்பாமல் இருக்கச் சில எண்ணெய்களில் சிலிகோன் சேர்க்கிறார்கள். அது எண்ணெயில் கரையாது, நுண்துளிகளாக மிதக்கும். மெஷினுக்கு அதனால் கெடுதல் இல்லை. ஆனால் கருவிக்கு அதுவும் நிழல். பிராண்ட் மாற்றி டாப்-அப் செய்த மறுநாள் 4 மைக்ரான் எண் மட்டும் உயர்ந்து, 14 மைக்ரான் எண் அசையாமல் இருந்தால் இதையும் மனத்தில் வையுங்கள். நீரையும் இத்தகைய மென்துகள்களையும் கரைப்பானில் கரைத்துவிட்டு மிச்சத்தை எண்ணும் ஆய்வக முறை ஒன்று இருக்கிறது: ஏ.எஸ்.டி.எம். டி 7647. ஆய்வகத்துக்கு மாதிரி அனுப்பும்போது அதைக் கேட்டு வாங்குங்கள். ஆனால் டாப்-அப் செய்த புது எண்ணெயே அழுக்காக இருப்பதும் நடக்கிற காரியம்தான். சீல் உடைக்காத பேரல் என்பதால் உள்ளே இருப்பது சுத்தம் என்று ஆகிவிடாது. ஃபில்டர் கார்ட் வழியாகத்தான் டேங்கில் ஊற்ற வேண்டும்.

இத்தனையும் இல்லையென்றால் ஏற்றம் உண்மை. அப்போதும் எந்த எண் ஏறியது என்பதே பாதி விடை. 14 மைக்ரான் எண் தனியாக ஏறினால் தேய்மானம், சிலிண்டர் வைப்பர் சீல் வழியே வெளித்தூசு, அல்லது அண்மையில் மாற்றிய ஹோஸுக்குள் இருந்த குப்பை. 4 மைக்ரான் எண் மெல்ல மெல்ல நாள்கணக்கில் ஏறினால் ஃபில்டர் நுண்துகளைப் பிடிக்கவில்லை. குளிர்ந்த எண்ணெயில் ஃபில்டரின் பைபாஸ் வால்வு திறந்து, எண்ணெய் வடிகட்டாமலே போகிறதா என்று டிஃபரன்ஷியல் பிரஷர் இண்டிகேட்டரைப் பாருங்கள்.

இனி, நான் கூடுதல் நேரம் கேட்ட பகுதி. இருக்கிற அழுக்கை மறைக்கும் பொய். இது ஐந்து வழிகளில் வரும்.

முதல் வழி, மாட்டிய இடம். ஃபில்டரைத் தாண்டியவுடனே சென்சாரை மாட்டினால் ரீடிங் எப்போதும் அழகாகவே இருக்கும். அது ஃபில்டருக்குக் கிடைத்த மதிப்பெண். மெஷினுக்குள் என்ன தேய்கிறது என்று அதற்குத் தெரியாது, ஏனென்றால் தெரியவேண்டியதெல்லாம் ஃபில்டரில் மாட்டிக்கொண்டுவிட்டது. தேய்மானத்தைப் பிடிக்க வேண்டுமானால் ரிட்டர்ன் லைனில், ஃபில்டருக்கு முன்னால் எடுக்க வேண்டும். வால்வுக்குப் போகும் எண்ணெயின் தரம் வேண்டுமானால் பிரஷர் லைனில் எடுக்க வேண்டும். எந்தக் கேள்விக்கு விடை வேண்டும் என்று முடிவுசெய்யாமல் மாட்டிய மானிட்டர், கேட்காத கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கும். எண்ணெய் ஓடாத முட்டுக்குழாயில் டீ போட்டு மாட்டுவது இன்னும் மோசம். அங்கே துகள்கள் படிந்து அடங்கிவிடும். மேலே தெளிந்த எண்ணெய்தான் சென்சாருக்குப் போகும். எண்ணெய் சுழன்று கலக்கும் வளைவுக்கு அடுத்த இடம்தான் மாதிரி எடுக்க ஏற்றது. சென்சாருக்குப் போகும் ஹோஸ் மெல்லியதாக, நீளமாக இருந்தாலும் பெரிய துகள்கள் வழியிலேயே படியும்.

இரண்டாவது வழி, ஓட்டம். சில கருவிகள் ஓட்டத்தைத் தாமே அளக்கின்றன. சிலவோ குறிப்பிட்ட ஓட்டம் இருப்பதாக எடுத்துக்கொண்டு, குறிப்பிட்ட நேரத்துக்கு எண்ணுகின்றன. இந்த இரண்டாம் ரகத்தில் ஓட்டம் பாதியானால் அந்த நேரத்தில் பாதித் துகள்கள்தான் கடக்கும். குறியீடு ஒரு படி இறங்கும். எண்ணெய் சுத்தமானதுபோலத் தெரியும். ஓட்டம் ஏன் குறைகிறது? வி.ஜி. 46 எண்ணெயின் பிசுபிசுப்பு 40 டிகிரியில் 46 சென்டிஸ்டோக்ஸ். 20 டிகிரிக்குக் குளிர்ந்தால் அது கிட்டத்தட்ட மூன்று மடங்கு. அதே அழுத்த வேறுபாட்டில், மெல்லிய குழாயில், ஓட்டம் மூன்றில் ஒரு பங்காகிவிடும். சென்சாரின் முன் வலையில் நூலிழை அடைத்துக்கொண்டாலும் இதே கதை. இங்கே ஒரு வேடிக்கை இருக்கிறது. எண்ணெயில் அழுக்கு கூடக் கூட வலை அடைகிறது, வலை அடைய அடைய ஓட்டம் குறைகிறது, ஓட்டம் குறையக் குறைய ரீடிங் நன்றாகிறது. சென்சாரின் வெளியேறும் குழாயைக் கழற்றி, ஒரு நிமிடத்துக்கு எவ்வளவு எண்ணெய் வருகிறது என்று அளவுக்குவளையில் பிடித்துப் பார்ப்பது இதற்கு முறையான சோதனை.

மூன்றாவது வழி, நெரிசல். திருவிழா நாளில் கோயில் வாசலில் நின்று, தரையில் விழும் நிழலை மட்டும் பார்த்துத் தலை எண்ணுவதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொருவராக வந்தால் கணக்குச் சரி. கூட்டம் நெருக்கினால் இரண்டு பேர் நிழல் ஒன்றாகும். ஒரு பருத்த ஆள் போனதாக எழுதிக்கொள்வீர்கள். சென்சாரிலும் அதுவேதான். எண்ணெய் மிகவும் அழுக்கானால் சிறிய துகள்கள் ஒன்றின் நிழலில் ஒன்று மறைந்து 4 மைக்ரான் எண் ஏற வேண்டிய அளவுக்கு ஏறாது; பெரிய துகள் எண் மட்டும் பொய்யாகக் கூடும். ஒவ்வொரு சென்சாருக்கும் இந்த நெரிசல் எல்லை உண்டு, அது டேட்டா ஷீட்டில் இருக்கும். சந்தேகம் வந்தால் மாதிரியில் ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு, நன்றாக வடிகட்டிய அதே வகை எண்ணெயைச் சேர்த்து எண்ணுங்கள். வந்ததைப் பத்தால் பெருக்கினால் முதலில் வந்ததைவிட வெகுவாகக் கூடுகிறதா? அப்படியானால் முதல் ரீடிங் நெரிசலில் வந்தது. கறுத்த எண்ணெய், நீர் கலந்த எண்ணெய் ஆகியவற்றுக்கு ஒளி மறைப்பு முறையே பொருந்தாது. நுண்வலை எவ்வளவு அடைகிறது என்று அழுத்தத்தால் அளக்கும் வலையடைப்பு முறைக் கருவிகள் இருக்கின்றன. காற்றும் நீரும் அவற்றை ஏமாற்றுவதில்லை.

நான்காவது வழி, உறைந்த சிக்னல். மெஷின் நின்றால், ஓட்டம் நின்றால், சில அமைப்புகள் கடைசியாக எண்ணியதையே காட்டிக்கொண்டிருக்கும். பி.எல்.சி. அதை நல்ல ரீடிங் என்று பதிவுசெய்துகொண்டே போகும். 4 முதல் 20 மில்லி ஆம்பியர் சிக்னலில் கீழ் எல்லையைப் பூஜ்யத்தில் வைக்காமல் 4-இல் வைத்ததற்குக் காரணமே, கம்பி அறுந்தால் கண்டுபிடிக்க வேண்டும் என்பதுதான். ஆனால் 4-க்குக் கீழே வருவதையெல்லாம் ‘பூஜ்யக் குறியீடு’ என்று எடுத்துக்கொள்ளும் புரோகிராமை யாராவது எழுதியிருந்தால், அறுந்த கம்பி உலகிலேயே சுத்தமான எண்ணெயாகிவிடும். சிக்னல் லூப்பில் ஒரு சிமுலேட்டரை வைத்து 3.5, 4, 12, 20 என்று கொடுத்து, கன்ட்ரோல் ரூம் திரையில் என்ன வருகிறது என்று பார்த்துவிடுங்கள். எண்ணெயில் கை வைக்காமல் முடிகிற வேலை.

ஐந்தாவது வழி, தரநிலைக் குழப்பம். 1964-இல் விமானத்துறைக்காக வந்த நாஸ் 1638 முறை நம் ஆலைகளில் இன்னும் பேச்சில் இருக்கிறது. அது 100 மில்லிலிட்டருக்குக் கணக்கு, 5 முதல் 15 மைக்ரான், 15 முதல் 25 என்று பகுதி பகுதியாக. ஐ.எஸ்.ஓ. முறையோ ஒரு மில்லிலிட்டருக்கு, கூட்டுக் கணக்காக. கருவி நாஸ் முறையில் 8 என்று காட்ட, படிப்பவர் ஐ.எஸ்.ஓ. 8 என்று எடுத்துக்கொண்டால், மில்லிலிட்டருக்கு இரண்டே துகள் என்று மகிழ்ந்து வீட்டுக்குப் போய்விடுவார். கருவியின் மெனுவில் எந்தத் தரநிலை தேர்வாகியிருக்கிறது என்பதை லாக் புத்தகத்தில் ரீடிங்கின் பக்கத்திலேயே எழுதும் பழக்கம் வேண்டும்.

இதோடு காலிபரேஷன் பற்றியும் சொல்ல வேண்டும். எண்ணெய் மாறாமலே ரீடிங் மாறுவது உலக அளவில் நடந்திருக்கிறது. பல ஆண்டுகள் இந்தக் கருவிகளைக் காலிபரேட் செய்ய அமெரிக்காவின் அரிசோனாப் பாலைவனத் தூசியிலிருந்து தயாரித்த ஒரு சோதனைத் தூசைப் பயன்படுத்தினார்கள். ஜெனரல் மோட்டார்ஸின் ஏ.சி. பிரிவு தயாரித்தது. அந்தத் தூசின் துகள் அளவுகளை ஒளி நுண்ணோக்கியில் பார்த்து, துகளின் மிக நீண்ட குறுக்களவை எடுத்து வகுத்திருந்தார்கள். 1992-இல் அதன் தயாரிப்பு நின்றது. புதுத் தூசு வேண்டியிருந்தது. அமெரிக்கத் தேசியத் தரநிலை நிறுவனமான நிஸ்ட், இம்முறை எலெக்ட்ரான் நுண்ணோக்கியால் துகளின் பரப்பளவை அளந்து, 1997-இல் எஸ்.ஆர்.எம். 2806 என்ற சான்றளித்த மாதிரியை வெளியிட்டது. அதை அடிப்படையாக வைத்து 1999-இல் ஐ.எஸ்.ஓ. 11171 வந்தது.

புதிய அளவுகோலில் பார்த்தபோது, பழைய 5 மைக்ரான் என்பது 6.4 என்றும், பழைய 15 மைக்ரான் என்பது 13.6 என்றும் தெரிந்தது. குறியீட்டில் 6, 14 என்ற விசித்திரமான எண்கள் ஏன் வந்தன என்று மாணவர்கள் கேட்பதுண்டு. விடை இதுதான். பழைய பதிவுகளோடு ஒப்பிட முடியும்படி, பழைய 5-க்கும் 15-க்கும் நிகரான முழு எண்களைத் தேர்ந்தார்கள்.

கதை அதோடு முடியவில்லை. நிஸ்ட்டின் முதல் இருப்பு தீர்ந்த பிறகு 2014-வாக்கில் 2806-பி என்ற புது மாதிரி வந்தது. அதைக் கொண்டு காலிபரேட் செய்த கருவிகளில் அதே எண்ணெய் முன்னைவிட அழுக்காகத் தெரிந்தது. துகள்களுக்குப் புதிய சான்றிதழ் கொடுத்த அளவுகள் கொஞ்சம் பெரியவை. ஆகவே 4 மைக்ரான் என்ற கோட்டைத் தாண்டிய துகள்கள் கூடிவிட்டன. பிறகு ஐ.எஸ்.ஓ. 11171-இன் 2016-ஆம் ஆண்டுத் திருத்தத்தில், புதிய அளவை 0.898-ஆல் பெருக்கினால் பழைய அளவு வரும் என்று வகுத்துப் பதிவுகளின் தொடர்ச்சியைக் காத்தார்கள். நமக்கு இதில் பாடம் உண்டு. மானிட்டரைக் காலிபரேஷனுக்கு அனுப்புமுன் ஒரு குறிப்பிட்ட எண்ணெயில் ரீடிங் எடுத்து வையுங்கள். திரும்பி வந்ததும் அதே எண்ணெயில் மறுபடி எடுங்கள். வித்தியாசம் இருந்தால் அது காலிபரேஷனின் வித்தியாசம். இப்படி எடுத்து வைக்காவிட்டால் அந்த மாற்றத்துக்காகப் பம்பைப் பிரித்துக்கொண்டிருப்பீர்கள்.

கடைசியாக, வேலை செய்யும் வரிசை. எல்லாவற்றுக்கும் முன்னால் பாதுகாப்பு. மெஷினை நிறுத்தி, அக்குமுலேட்டர் அழுத்தத்தை வடித்த பிறகே சென்சார் லைனைக் கழற்ற வேண்டும். கசிவை விரலால் தடவிப் பார்க்கவே கூடாது. மயிரிழை ஓட்டையிலிருந்து பீறிடும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போனால், வெளியே ஊசி குத்தியதுபோலத்தான் தெரியும். ஆனால் அது உடனே அறுவை சிகிச்சை தேவைப்படும் காயம்.

அடுத்து, ஸ்பேனர் எடுக்குமுன் பதிவுகள். மூன்று எண்களின் அமைப்பு, அசல் எண்ணிக்கை, எண்ணெயின் வெப்பநிலை, ஈரப்பதம், ரீடிங் மாறிய நேரத்துக்குச் சற்று முன்னால் செய்த பராமரிப்பு வேலை. பிறகு ஓட்டமும் அழுத்தமும். அதற்குப் பிறகு கண்ணாடி பாட்டில். அதன் பிறகு பேட்ச் டெஸ்ட்: அளந்த எண்ணெயை நுண்துளைச் சவ்வு ஒன்றில் வடிகட்டி நுண்ணோக்கியில் பார்ப்பது. மலிவான சோதனை, ஆனால் கருவிக்குத் தெரியாததை அதுதான் சொல்லும். பளபளப்பது உலோகம், கறுப்பாக நெளிவது ரப்பர், கண்ணாடிபோலத் தெரிவது மணல், பழுப்பாக அப்பியிருப்பது வார்னிஷ். சவ்வில் ஒன்றுமில்லை, மானிட்டரோ 22 காட்டுகிறது என்றால் பெரும்பாலும் காற்றோ நீரோதான். சவ்வு கறுத்திருக்கிறது, மானிட்டர் 15 காட்டுகிறது என்றால் அது இரண்டாம் பொய். சவ்வோடு வழக்கு முடியாவிட்டால்தான் கருவியைத் திறக்கும் பேச்சு. அப்போதும் கண்ணாடிப் பாதையில் படலம் படிந்திருந்தால், தயாரிப்பாளர் சொன்ன கரைப்பானை, அதையும் வடிகட்டிய பிறகே, பயன்படுத்துங்கள். பாஸ்பேட் எஸ்டர் எண்ணெய் ஓடும் இடத்தில் நைட்ரைல் சீல் உள்ள கருவியை மாட்டினால் சீல் ஊதிக் கெடும். எந்த எண்ணெய்க்கு எந்தச் சீல் என்பதைக் கருவி வாங்கும்போதே பார்த்துவிடுங்கள்.

இந்த வரிசையில் முக்கால்வாசி, அலாரம் அடித்த பிறகு செய்வது. அலாரம் அடிக்காத மானிட்டருக்கு என்ன செய்வது? என் பரிந்துரை எளிது. ஆரோக்கியமான மானிட்டரின் வரைபடம் அசைந்துகொண்டே இருக்கும். மெஷின் கிளம்பும்போது ஏறும், ஃபில்டர் வேலை செய்யச் செய்ய இறங்கும், டாப்-அப் செய்தால் துள்ளும். இத்தனை நிகழ்ந்தும் நேர்க்கோடாகக் கிடக்கும் வரைபடம் எதையும் பார்க்காத கருவியினுடையது. மாதம் ஒருமுறை, ரீடிங்கை அசைக்க வேண்டிய ஒரு காரியத்தை நீங்களே தெரிந்து செய்யுங்கள். மெஷின் ஓட்டத்திலிருந்து பிரித்து, சிறு பம்பும் நுண்ஃபில்டரும் கொண்ட தனிச் சுற்றில் மானிட்டரை ஓடவிடுங்கள். ரீடிங் படிப்படியாக இறங்க வேண்டும். ஃபில்டரை விலக்கி மெஷின் எண்ணெயைக் கொடுங்கள், ஏற வேண்டும். இறங்க வேண்டியபோது இறங்கி, ஏற வேண்டியபோது ஏறினால் அந்த மாதத்துக்கு அதன் சொல்லை நம்பலாம். நடந்த தேதியையும் இரண்டு ரீடிங்கையும் லாக் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள்.

நாளைக்கு ஆலைக்குப் போனதும், சிவப்பு விளக்கு எரியும் மானிட்டரிடம் போக வேண்டாம். அங்கே ஏற்கெனவே நாலு பேர் நிற்பார்கள். கடந்த மூன்று மாத வரைபடங்களை எடுத்து, எது மிக நேராக இருக்கிறதோ அந்தக் கருவியிடம் முதலில் போங்கள். கையோடு ஒரு கண்ணாடி பாட்டிலையும் எடுத்துச் செல்லுங்கள்.